ஹம்போல்ட் மகானும் மறுக்கப்பட்ட அனுமதியும்

மலையேறினவர்களைப்பற்றிப் பேச்சு வரும்பொழுதெல்லாம் ஜனங்கள் முதலில் கேட்பது, அவர் எத்தனை அடி உயரம் ஏறினார் என்பதே. தேசாந்தரம் சென்றவர்களைப்பற்றியோ, எத்தனை தேசங்களைக் கண்டார் என்று கேட்கிறார்கள். இக்கேள்விகள் பிழையல்ல, ஆயினும் போதா. ஏறியவர் ஆங்கே எதைக் கண்டார், கண்டதைத் திரும்பி வந்து அஞ்சாமல் உரைத்தாரா, உரைத்ததற்கு என்ன விலை கொடுத்தார் என்பவற்றையும் சேர்த்துக் கேட்டாலன்றி ஒரு யாத்திரிகரின் பெருமையை அளவிட இயலாதென்பது நமது அபிப்பிராயம். இக்கேள்விகள் அனைத்திற்கும் விடை தரத்தக்க ஜீவிய சரித்திரம், அலெக்ஸாந்தர் ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞருடையது. நமது ஹிமாலயத்தைக் காணவேண்டுமென்று பல்லாண்டு முயன்று, கிழக்கிந்தியக் கும்பினியாரின் அனுமதி கிட்டாமல் ஏமாந்தவர் அவர். ஆதலின் அவர் கதை நமக்கு அந்நியமன்று.

ஹம்போல்ட் 1769-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ந் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் பிரஷ்ய ராணுவத்தில் உத்தியோகம் வகித்தவர். மகனுக்குப் பத்து வயது நிரம்புமுன் காலஞ்சென்றார். தாயார் செல்வமும் கண்டிப்பும் மிக்கவர்; தம் புதல்வர் இருவரும் அரசாங்க உத்தியோகத்தில் மேன்மையடைய வேண்டுமென்று விரும்பினார். மூத்தவராகிய வில்ஹெல்ம் பாஷா சாஸ்திரத்தில் பெரும்புகழ் எய்தி, 1810-இல் பெர்லின் சர்வகலாசாலை தோன்றக் காரணமாயிருந்தார். இளையவருடைய மனமோ சிறு பிராயமுதலே செடிகொடிகளிலும் கல்லிலும் பூச்சியிலும் தூர தேசங்களின் படங்களிலும் லயித்திருந்தது.

1790-இல், காப்டன் குக் என்னும் மாலுமியுடன் பூமியைச் சுற்றிவந்த ஜார்ஜ் பார்ஸ்டரோடு அவர் இங்கிலாந்து சென்று, பாரிஸ் மார்க்கமாகத் திரும்பினார். பாஸ்டில் சிறை இடிபட்டு அப்பொழுது ஓராண்டே ஆகியிருந்தது. சுதந்திர விழாவிற்காகப் பாரிஸ் ஜனங்கள் தாமே மண் சுமந்து மைதானம் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இருபது வயதுள்ள இப்பிரபு குமாரரும் அவர்களுடன் சேர்ந்து வண்டியில் மணல் தள்ளினார். அன்று அவர் உள்ளத்தில் விழுந்த வித்து எழுபதாண்டு வாழ்நாளிலும் பட்டுப்போகவில்லை.

1792 முதல் ஐந்தாண்டு பிரஷ்ய அரசாங்கத்தின் சுரங்க இலாகாவில் அவர் உத்தியோகம் பார்த்தார். சுரங்கத்துள் இறங்கிப் பாடுபடும் கூலியாட்களின் கஷ்டங்களை நேரில் கண்டு, அவர்களுக்கென்று தம் கைப்பொருளைக்கொண்டு இலவசப் பாடசாலை நிறுவினார். விஷவாயுவினால் அவர்கள் மடியாதிருக்கும்பொருட்டு விளக்கும் மூச்சுக் கருவியும் இயற்றினார். 1796-இல் தாயார் இறந்தபொழுது ஏறத்தாழ 1 லட்சம் தாலர் பிதிரார்ஜிதம் அவர் கைக்கு வந்தது. மற்றொருவராயின் அதைக்கொண்டு மாளிகை எழுப்பியிருப்பர். ஹம்போல்ட் உத்தியோகத்தை விடுத்து, பாரமானி, தூரதர்சினி, உஷ்ணமானி முதலிய கருவிகளை வாங்கிக்கொண்டு பிரயாணத்திற்குப் புறப்பட்டார்.

அக்காலத்தில் ஸ்பெயின் அரசனுக்குட்பட்ட அமெரிக்க நாடுகள் அந்நியருக்கு அடைபட்ட கோட்டையாயிருந்தன. ஹம்போல்ட் தம் செலவிலேயே யாத்திரை செய்வதாகவும், சேகரிக்கும் பொருள்களில் அரண்மனைக்கும் பங்களிப்பதாகவும் கூறவே, நான்காம் கார்லோஸ் மன்னன் எங்கும் தடையின்றிச் செல்ல அனுமதிச் சீட்டு வழங்கினான். 1799 ஜூன் 5-ந் தேதி, போன்ப்ளான் என்ற பிரஞ்சு வைத்தியரும் தாவர சாஸ்திரியுமான நண்பருடன் கப்பலேறினார். வழியில் தெனெரீப் தீவில் தங்கி, 12,000 அடிக்கு மேற்பட்ட தெய்தே எரிமலையின் உச்சியை அடைந்தார். ஜூலை 16-ந் தேதி வெனிஸுவேலா நாட்டின் குமானா துறைமுகத்தில் இறங்கினார்.

குமானாவில் அவர் வாடகைக்குப் பிடித்த வீட்டிற்கு எதிரே அடிமைச் சந்தை கூடிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட இளைஞர்களின் உடம்பில் தேங்காயெண்ணெய் பூசிப் பளபளக்கச் செய்து நிறுத்தினார்கள். வாங்க வந்தவர்கள் குதிரையின் பல்லைப் பார்ப்பதுபோல் அவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நட்சத்திரங்களையும் மலர்களையும் காணவந்த யாத்திரிகர் முதல் வாரங்களிலேயே கண்ட காட்சி இது. அடிமை முறைமீது அவர் கொண்ட பகை, அன்றுமுதல் சாகும்வரையில் தணியவில்லை.

உள்நாட்டில் வாலென்ஸியா ஏரியின் நீர் ஆண்டுதோறும் வற்றிவருவதைக் கண்டு அதன் காரணத்தை ஆராய்ந்தார். சுற்றியுள்ள குன்றுகளின் காடுகளைத் தோட்ட முதலாளிகள் வெட்டியழித்ததும், நீரோடைகளைப் பாசனத்திற்குத் திருப்பியதுமே காரணமென்று தெளிந்தார். காடழிந்தால் ஊற்றடங்கும், மழைக்காலத்தில் அந்நீரே வெள்ளமாய்ப் பாய்ந்து மண்ணை அரித்துச் செல்லும் என்று 1800-ஆம் ஆண்டிலேயே அவர் கண்டுகொண்டார். ஏரி குளங்களை நம்பி வாழும் நமது நாட்டார் இவ்வுண்மையை மறவாதிருத்தல் நலம்.

பின்னர் ஒரினோகோ நதியில் படகேறி, கொசுக்கடியும் பசியும் சுரமும் வருத்த, 75 நாட்களில் 1,400 மைல் தூரம் சென்றார். ஒரினோகோவையும் அமெஸான் நதியின் கிளையாகிய ரியோ நெக்ரோவையும் காஸிகியாரே என்ற இயற்கைக் கால்வாய் இணைக்கின்றது என்பதை நேரில் அளந்து நிச்சயித்தார். பிரேஸில் எல்லையை அவர் நெருங்கியிருந்த அக்காலத்தில், இவர் புத்திக் கலகம் விளைப்பவரென்று சந்தேகித்த போர்த்துகல் அரசாங்கத்தார், எல்லையைக் கடந்தால் பிடிக்கும்படி உத்தரவு பிறப்பித்திருந்தனர். பாரமானியைக் கையில் ஏந்திய மனிதரிடத்தில் சர்க்கார்கள் பயங்கொண்டது அதுவே முதல் தடவை, கடைசித் தடவையன்று.

1801-இல் ஆண்டிஸ் மலைத்தொடரில் கிந்தியோ என்னும் கணவாயைக் கடக்கவேண்டியிருந்தது. அவ்வழியே செல்லும் தனவான்கள், சுமையாட்களின் முதுகில் நாற்காலி கட்டி, அதில் அமர்ந்து செல்வது வழக்கம். இன்ன ஆள் நல்ல நடையுடையவன், இன்னவன் தடுக்கிவிழுவான் என்று குதிரையைப்பற்றிப் பேசுவதுபோலவே அம்மனிதரைப்பற்றியும் பேசினார்கள். ஹம்போல்ட் அந்நாற்காலியில் அமர மறுத்தார். பாதரக்ஷைகள் கிழிந்து போகவே, மழையிலும் சேற்றிலும் முள்ளிலும் வெறுங்காலுடன் நடந்தே கணவாயைக் கடந்தார். அவர் ஏறிய உயரங்களுள் இதையே மிகப் பெரியதென்று நாம் கருதுகின்றோம்.

1802-இல் கீத்தோ நகரை அடைந்து, பிச்சின்சா முதலிய எரிமலைகளின்மீது ஏறியபின், ஜூன் 23-ந் தேதி சிம்பொராஸோ மலையில் ஏறத் தொடங்கினார். அதன் உயரம் 20,548 அடி. உலகத்திலேயே உயர்ந்த மலை அதுவென்றே அந்நாளில் ஐரோப்பிய அறிஞர் நம்பியிருந்தனர். பனியெல்லைக்கு வந்ததும் வழிகாட்டிகளில் ஏறக்குறைய எல்லாரும் பின்தங்கினர். ஹம்போல்ட், போன்ப்ளான், கார்லோஸ் மொந்தூபார் என்ற கீத்தோ நகரத்து வாலிபர், பக்கத்துக் கிராமத்தான் ஒருவன் ஆகிய நால்வர் மட்டும் மேலே சென்றனர். சாண் அகலமே உள்ள பாறை விளிம்பு; ஒருபுறம் கண்ணாடிபோன்ற பனிச்சரிவு, மறுபுறம் அதல பாதாளம். மூடுபனியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஈறுகளிலும் உதடுகளிலும் இரத்தங் கசிந்தது, கண்கள் சிவந்தன, தலை சுழன்றது. அந்நிலையிலும் அவர் இடையிடையே நின்று பாரமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். உச்சிக்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் அடி இருக்கையில், கடக்கவொண்ணாத பெரும்பிளவு குறுக்கிடவே திரும்பினார்கள். அவர் கணக்குப்படி அவ்விடத்தின் உயரம் 19,400 அடிக்குமேல்.

அவ்வளவு உயரம் ஏறிய மனிதர் வேறில்லையென்று ஐரோப்பா கொண்டாடிற்று. உண்மை வேறு. அதே மலைத்தொடரின் தெற்கே, 22,000 அடிக்கு மேற்பட்ட லுல்லையாகோ சிகரத்தில், ஸ்பெயின்காரர் கால்வைக்குமுன்னரே இன்கா ஜாதியார் வழிபாடு நடத்தியிருந்தனர். அவர்கள் ஆங்குப் பலியாக வைத்த மூன்று சிறுவர்களின் உடல்கள் பனியில் கெடாமல் 1999-இல் கண்டெடுக்கப்பட்டன. இதனால் ஹம்போல்ட்டுக்குக் குறைவில்லை. உயரத்தில் முதலிடம் பெறுவதற்காக அவர் ஏறவில்லை. மலையடியில் வாழையும் பனையும், அதற்குமேல் பெருமரங்கள், அதற்குமேல் புதர்கள், புல், பாசி, இறுதியில் வெறும் பனி என்று, பூமத்திய ரேகைமுதல் துருவம்வரை பூமியெங்கும் காணும் தாவர வரிசை ஒரே மலையில் அடுக்கியிருப்பதை அவர் கண்டார். சீதோஷ்ணம், காற்றின் கனம், மண், செடி, பிராணி, மனிதன் யாவும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் என்ற கொள்கை ஆங்கே உருவாயிற்று. அக்காட்சியை ஒரே படத்தில் எழுதி 1807-இல் வெளியிட்டார். 2012-இல் ஆராய்ச்சியாளர் அம்மலைக்குச் சென்று பார்த்தபொழுது, தாவரங்களின் எல்லை மேல்நோக்கி நகர்ந்திருக்கக் கண்டனர். எவ்வளவு நகர்ந்தது என்பதில் பண்டிதரிடையே விவாதமுண்டு. உலகம் வெப்பமடைந்து வருவதற்குச் சாட்சி சொல்ல 200 ஆண்டுக்கு முந்திய குறிப்புகள் பயன்பட்டன என்பதில் விவாதமில்லை.

பெரு, மெக்ஸிகோ, கியூபா நாடுகளையும் கண்டு, 1804-இல் வாஷிங்டனில் ஜனாதிபதி ஜெபர்ஸனைச் சந்தித்து, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பிரான்ஸ் கரையை அடைந்தார். ஏறத்தாழ 60,000 தாவர மாதிரிகள் அவருடன் வந்தன. யாத்திரையின் பயனை முப்பது பெருந்தொகுதிகளாக வெளியிடுவதில் பிதிரார்ஜிதம் முழுவதும் கரைந்தது. மெக்ஸிகோவைப்பற்றிய நூலில், அந்நாட்டின் செல்வம் ஒரு சிலரிடம் குவிந்து பூர்வகுடிகள் வறுமையில் உழல்வதையும், குடியேற்ற ஆட்சி ஜாதிகளைப் பிரித்துவைத்து நிலைபெறுவதையும் புள்ளிவிவரத்துடன் எடுத்துக்காட்டினார். தம் நாட்டுக்குள் நுழைய இடந்தந்த ஸ்பெயின் சர்க்காரை முகஸ்துதி செய்து அவர் கடன் தீர்க்கவில்லை. உண்மையைச் சொல்லியே தீர்த்தார். பாரிஸில் அவரைச் சந்தித்த இளைஞருள் ஒருவர், பின்னாளில் தென்னமெரிக்காவை விடுதலை செய்த ஸைமன் பொலிவார். சிம்பொராஸோவில் உடன் ஏறிய மொந்தூபார் அவ்விடுதலைப் போரில் ஈடுபட்டு, 1816-இல் ஸ்பெயின்காரரால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இனி நமது நாட்டைச் சார்ந்த அத்தியாயத்திற்கு வருவோம். ஹிமாலயத்தின் சிகரங்கள் சிம்பொராஸோவினும் உயர்ந்தவையென்று அளவைகள் காட்டத் தொடங்கவே, அவற்றை நேரில் கண்டு ஆண்டிஸ் மலைகளுடன் ஒப்பிடவேண்டுமென்ற ஆசை ஹம்போல்ட்டை ஆட்கொண்டது. பாரசீக மொழியைப் பயின்றார். ஹிமாலயத்தின் பனியெல்லையைப்பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1814, 1817, 1818-ஆம் ஆண்டுகளில் லண்டனுக்குச் சென்றார். பிரஷ்ய மன்னர் 1818-இல் ஆண்டுக்கு 12,000 தாலர் உதவுவதாக வாக்களித்ததனால் பணத்திற்கும் குறைவில்லை. வேண்டியிருந்தது கும்பினி டைரக்டர்களின் அனுமதியொன்றே. அது கடைசிவரையில் வரவில்லை, காரணமும் கூறவில்லை.

தீர்ப்பளிப்பவர் காரணத்தையும் கூறவேண்டுமென்பது நியாயஸ்தலங்களின் பொதுவிதி. காரணம் கூறாத மறுப்பு, அதைச் சொல்ல நாணுகிறவனுடைய மறுப்பேயாகும். மெக்ஸிகோவைப்பற்றிய நூல் 1811-இலேயே ஆங்கிலத்தில் வெளிவந்துவிட்டது. ஸ்பெயின் ஆட்சியை இவ்வாறு எடைபோட்டவர், கங்கைக் கரையில் தம் ஆட்சியையும் எடைபோடாதிரார் என்று டைரக்டர்கள் அஞ்சினர் என்பதே சரித்திரகாரர் பலரின் ஊகம். மலையையும் செடியையும் அளக்கும் கருவிகளை அவர்கள் அஞ்சியிருக்க முடியாது. அக்கருவிகளைத் தாங்கிய மனிதர், வழியிலுள்ள குடியானவனின் வயிற்றையும் நோக்குவாரே என்பதுதான் அச்சம்.

பணங்கரைந்த ஹம்போல்ட் 1827-இல் மன்னரின் அழைப்பிற்கிணங்கி பெர்லின் திரும்பி, அரண்மனை ஊழியத்தில் அமர்ந்தார். குடியரசை நேசித்தவர் அரசனுடன் விருந்துண்டு, அவனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டி நாட்களைக் கழிக்கவேண்டியதாயிற்று. அவ்வடிமைத்தளையை அவர் நொந்தாரெனினும் அறுத்தெறியவில்லை. ஆயினும் வந்த ஆண்டிலேயே, பிரபஞ்சத்தின் இயல்பைப்பற்றி இலவசப் பிரசங்கங்கள் தொடங்கினார். அரச குடும்பத்தாரும் கொற்றர்களும், சர்வகலாசாலை வாயிலில் நிறுத்தப்பட்டிருந்த பெண்மக்களும், ஒரே மண்டபத்தில் இருந்து கேட்டனர்.

1829-இல் ருஷ்ய ஜாரின் சர்க்கார் அவரைச் சுரங்க நிலங்களைப் பார்வையிட அழைத்தது. அறுபதாம் வயதில், எட்டு மாதத்தில் 9,000 மைலுக்குமேல் வண்டியில் சென்றார். மாற்றிப் பூட்டிய குதிரைகள் 12,244. யூரல் மலையில் வைரம் கிடைக்குமென்று அவர் முன்னறிந்து கூறியது அவ்வாண்டே பலித்தது. அல்தாய் மலைகளைக் கடந்து சீன எல்லைவரை சென்றார். ஆனால் இவ்வனுமதிக்கும் ஒரு விலையிருந்தது. உயிரற்ற இயற்கையைப்பற்றி மட்டுமே எழுதுவேன், ருஷ்ய சர்க்காரைப்பற்றியும் கீழ்நிலை ஜனங்களைப்பற்றியும் எழுதேன் என்று பொக்கிஷ மந்திரி கான்கிரினுக்கு அவர் வாக்களித்திருந்தார். பண்ணையடிமைகளின் நடுவே பிரயாணம் செய்த அடிமைப் பகைவர், வாக்கைக் காத்து மௌனம் சாதித்தார். எல்லைப்புறச் சேனையில் தண்டனையாகச் சேர்க்கப்பட்டிருந்த போலந்து தேசத்து இளைஞன் ஒருவனுக்காக அந்தரங்கமாகப் பரிந்து பேசியதே அவரால் இயன்றது.

நேயர்கள் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கவேண்டுகிறோம். உண்மையை உரைத்தமையால் ஹிமாலயத்தை இழந்தார். உண்மையை அடக்கியதனால் அல்தாயைக் கண்டார். அதிகாரத்தினிடம் அனுமதி கேட்டு நிற்கும் ஒவ்வொருவனுக்கும் என்றேனும் இவ்விரு வழிகளும் எதிர்ப்படும். மகானாயினும் ஹம்போல்ட் ஒருமுறை வளைந்தாரென்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. மறைத்தால், வளையாது நின்ற இடங்களின் அருமையும் புலப்படாமற் போகும்.

வளையாது நின்ற இடங்களோ பல. 1848 மார்ச்சு மாதத்தில் பெர்லின் வீதிகளில் சிப்பாய்களால் சுடப்பட்ட குடிகளின் சவ ஊர்வலத்தில், அரண்மனை ஊழியராகிய இவர் 78-ஆம் வயதில் நடந்து சென்றார். கியூபாவைப்பற்றிய அவர் நூலை 1856-இல் அமெரிக்காவில் மொழிபெயர்த்து வெளியிட்டவர், அடிமை முறையைக் கண்டித்த அத்தியாயத்தை விட்டுவிட்டார். ஹம்போல்ட் உடனே பத்திரிகைகளில் பகிரங்கமாகக் கண்டனம் வெளியிட்டு, தம் நூலில் தாம் மிகவும் மதிப்பது அப்பகுதியேயென்று உலகறியச் செய்தார். அவரது விடாமுயற்சியினால் 1857-இல் பிரஷ்யாவில் ஒரு சட்டம் பிறந்தது. எந்நாட்டு அடிமையும் பிரஷ்ய மண்ணை மிதித்த கணமே விடுதலை பெறுவான் என்பது அதன் சாரம்.

ஹிமாலயமும் அவரை முற்றிலும் விட்டுவிடவில்லை. பூமியின் காந்த சக்தியை உலகமெங்கும் ஏககாலத்தில் அளக்கவேண்டுமென்று 1836-இல் லண்டன் ராயல் சங்கத்தின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தின் பயனாக, சென்னை, பம்பாய், ஸிம்லா, ஸிங்கப்பூர் ஆகிய இடங்களில் கும்பினியாரே காந்த ஆராய்ச்சி நிலையங்களை அமைத்தனர். அவர் பாதம் படாத சென்னையில் அவர் வேண்டுகோள் வந்து நின்றது. அவர் சிபாரிசின்பேரில் 1854-இல் ஷ்லாகின்ட்வைட் சகோதரர் மூவர் கும்பினியாரின் சேவையில் இந்தியா வந்தனர். அவர்களில் இருவர் மறு ஆண்டு கார்வால் பிரதேசத்து அபிகாமின் மலையில் 22,200 அடிக்கு மேல் ஏறினர். ஆசானின் எல்லையை மாணவர் கடந்தனர். அவ்விருவரில் அடால்ப் என்பவர் 1857-இல் காஷ்கரில் சிரச்சேதம் செய்யப்பட்ட செய்தி கிழவர் உள்ளத்தைப் புண்படுத்தியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

1859 மே மாதம் 6-ந் தேதி, 89 வயது நிரம்பிய ஹம்போல்ட் பெர்லினில் காலமானார். பிரபஞ்சத்தைப்பற்றிய அவரது பெருநூலின் ஐந்தாம் பாகம் முடியவில்லை. வீட்டுப் பொருள்களைக் கடனுக்கு ஈடாக நெடுநாள் வேலைக்காரருக்கே எழுதிவைத்திருந்தார். லட்சாதிபதியாகத் தொடங்கிக் கடனாளியாக முடிந்த அவ்வாழ்க்கையைப் பொருட்கணக்கர் தோல்வியென்று எழுதக்கூடும். அவருக்கு அனுமதி மறுத்த கும்பினியின் ஆட்சி, அவர் இறப்பதற்கு முன்னதாகவே 1858-இல் முடிவுற்றது.

சிம்பொராஸோவின் உச்சியை 1880-இல் விம்பர் என்ற ஆங்கிலேயரும் இத்தாலிய வழிகாட்டிகள் இருவரும் மிதித்தனர். ஹம்போல்ட்டின் உயரக் கணக்கு பழங்கதையாயிற்று. அது இயல்பே. கிந்தியோ கணவாயில் மனிதன் முதுகில் ஏற மறுத்து வெறுங்காலுடன் நடந்தாரே, அச்செய்கை மட்டும் பழங்கதையாகவில்லை. பொதுக்காரியங்களில் இறங்கும் நமது இளைஞர்கள் எந்த உயரத்தை நாடினும், தம்மைச் சுமந்து நடப்பவர் யாவரென்று ஒருமுறை கீழே நோக்கிவிட்டு ஏறுவார்களாக.